பிக்கப் வண்டிக்கு டயர்: அகலமா, குறுகலா?

கோவில்பட்டியில் டயர் கடை வைத்திருக்கிறேன். பிக்கப் வண்டிக்காரர்கள் வந்தால் பாதிப் பேர் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, கொஞ்சம் அகல டயராகப் போட்டுவிடலாமா?" வண்டி எடுப்பாகத் தெரியும், பிடிமானம் கூடும், சுமையும் கூடுதலாகத் தாங்கும் என்று எண்ணுகிறார்கள். முதலாவது உண்மை. இரண்டாவது மண்ணைப் பொறுத்தது. மூன்றாவது பல நேரங்களில் தவறு. உயிருக்கே ஆபத்தான தவறு.

என்ன ஏற்றுகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். தீப்பெட்டிப் பண்டல்கள் இடத்தை அடைக்குமே தவிர எடை குறைவு. தூத்துக்குடி உப்பு மூட்டைகள் பாதி உயரம் அடுக்கும்போதே பின் அச்சைத் தாழ்த்திவிடும். சுமையைத் தாங்குவது டயரின் அகலமல்ல. உள்ளே அடைத்த காற்றும் அதைப் பிடித்து நிறுத்தும் பிளையும்தான் (பிளை என்பது டயருக்குள் இருக்கும் நூலடுக்கு). டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து ஓர் எண் இருக்கும். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900, 108 என்றால் 1000, 112 என்றால் 1120. சுமையோடு பின் அச்சில் 2000 கிலோ இறங்கினால் பக்கத்துக்கு ஒரு டயர் உள்ள வண்டிக்கு 108-க்குக் குறைந்து எதையும் மாட்டக் கூடாது. கார், ஜீப் வகைக்குச் செய்த 235/75 ஆர்15 டயர் (அகலம் 235 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்) பார்வைக்குப் பருமனாக இருக்கும். எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் 105 என்று இருக்கும், அதாவது 925 கிலோ. அதைவிடக் குறுகலான, 12 பிளை லாரி வகை டயர் உப்பு மூட்டைகளை அலுங்காமல் சுமக்கும். 104/101 என்று இரண்டு எண்கள் இருந்தால், முதலாவதுதான் ஒற்றைச் சக்கரத்துக்கு உரியது.

பிடிமானத்துக்கு வருவோம். 1000 கிலோ சுமக்கும் டயரில் 50 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) காற்று இருந்தால், அது தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 285 சதுர சென்டிமீட்டர். குறுகல் டயரில் அந்தப் பரப்பு 16 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் நீளமுமாக அமையும். அகல டயரில் 20-க்கு 14 என்று ஆகும். காற்று அதே அளவில் இருக்கும்வரை பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறுகிறது. ஐப்பசி மழையில் திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது இது முக்கியம். அகல டயர் கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால், வெறும் வண்டியாக வரும்போது சீக்கிரம் தண்ணீர்மேல் மிதந்து வழுக்கும். குறுகல் டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தார்ச்சாலையைப் பிடிக்கும்.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு மண் உண்டு, இரண்டுக்கும் பதில் வேறு. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல். மழைக்குப் பிறகு மிளகாய்க் காட்டுப் பாதையில் மேலே சேறு, பல இடங்களில் அடியில் கெட்டிச் சரளை. குறுகல் டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கிச் சரளையில் கால் ஊன்றும். அகல டயர் மேற்சேற்றிலேயே சறுக்கும். போதாததற்குக் கரிசல் மண் அப்பிக்கொண்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இருக்கும் சிறிய இடைவெளியையும் அடைத்துவிடும். சக்கரம் சுற்றவே திணறும். இந்தப் பக்கத்து வண்டிகளுக்குக் குறுகலான, பட்டன்கள் (மேற்பட்டையில் துருத்தி நிற்கும் கட்டைகள்) இடைவெளிவிட்டு அமைந்த டயரைத்தான் தயங்காமல் சொல்வேன்.

சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு நேர் எதிர். செம்மணலில் தோண்டிக்கொண்டே போனாலும் கெட்டித்தரை கிடைக்காது. அங்கே டயர் மணலுக்குமேல் பரவி நிற்க வேண்டும், எனவே அகலம் உதவும். அதைவிடக் கூடுதலாக உதவுவது காற்றைக் குறைப்பது. சுமையில்லாத வண்டியில் 20 பவுண்டு வரை இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்புங்கள்; குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயரின் பக்கவாட்டு சூடேறி வெடிக்கும். பனங்கருப்பட்டிச் சுமையோடு இருக்கிற வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

அகல டயர்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் ரிம்மைப் பாருங்கள். 215/75-க்கு ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரை அகலமுள்ள ரிம் ஏற்கும். 235/75-க்கு ஆறு முதல் எட்டு. உயரமும் மாறும். 215/75 ஆர்15-இன் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர், 235/75 ஆர்15-க்கு 733. முதலாவதைக் கழற்றி இரண்டாவதை மாட்டினால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும், ஏற்றத்தில் இழுவையும் குறையும். 235/70 எடுத்தால் விட்டம் 710, அதுதான் பொருத்தம். சுமை ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். கதவோரத்தில் ஒட்டியுள்ள தகட்டில் இல்லாத அளவை மாட்டினால், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கும்போது கேள்வி வரலாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டயர் மாட்டி வழக்கமான சுமை ஏற்றியதும், சாக்பீஸால் டயரின் மேற்பட்டையில் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போடுங்கள். சமதளச் சாலையில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரத்தில் அழிந்திருந்தால் அலைன்மெண்ட் (சக்கரங்களின் நேர்த்தன்மை) பார்க்க வேண்டும். அதை முடித்த பிறகு ஸ்டெப்னியையும் அதே அளவுக்கு மாற்றிவிடுங்கள்.