மைல் சேர்க்கப் போய் சிபிலைத் தொலைக்காதீர்கள்

வீட்டுக் கடனுக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். வங்கி மேலாளர் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, "சார், இந்த கார்டு என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தினமும் பயன்படுத்தும் கார்டு வேறு. திரையைக் குனிந்து பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஏர்போர்ட்டில் விமானத்துக்குக் காத்திருந்தபோது, டை கட்டிய ஒரு பையன் "ஒரு நிமிஷம் சார்" என்று பிடித்து, "முதல் வருஷம் ஃப்ரீ, ஒரு டிக்கெட்டும் ஃப்ரீ" என்று கையெழுத்து வாங்கிய விமான கார்டு, அதாவது தேய்க்கத் தேய்க்க டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் 'மைல்' என்ற புள்ளிகள் சேரும் கிரெடிட் கார்டு. அந்த இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கார்டை அலமாரியில் போட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 540 ரூபாய். பில் நான் திறந்தே பார்க்காத ஒரு பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. எஸ்.எம்.எஸ். போன எண்ணை எப்போதோ மாற்றிவிட்டேன். தாமதக் கட்டணம், வட்டி என்று 3,540 வளர்ந்துகொண்டே போக, சிபில் ரிப்போர்ட்டில், அதாவது நான் கடன் கட்டிய வரலாற்றில், அந்தக் கார்டுக்கு எதிரே 060 தாண்டிய எண் உட்கார்ந்திருந்தது. கெடு தாண்டி எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் அந்த எண். ஒழுங்காகக் கட்டியிருந்தால் 000 என்று இருக்கும்.

அன்றைக்குப் புரிந்த விஷயம் இது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என்று நாட்டில் நம் கடன் வரலாற்றைப் பதிந்து ஸ்கோர் போடும் நான்கு நிறுவனங்களில் எதற்கும் நீங்கள் பறக்கிறீர்களா, பஸ்ஸில் போகிறீர்களா என்று தெரியாது. விமான கார்டும் அவர்களுக்கு வெறும் கிரெடிட் கார்டுதான். மைலுக்குத் தனி மார்க்கும் கிடையாது, தனி அபராதமும் கிடையாது. ஆனால் மைல் ஆசை நம்மைச் சில காரியங்கள் செய்ய வைக்கிறது. ஸ்கோர் அடி வாங்குவது அங்கேதான்.

என் தவறுதான் எல்லாவற்றிலும் சாதாரணமானது: முதல் வருட இலவசத்தை வாழ்நாள் இலவசம் என்று நினைத்துக்கொள்வது. விமான கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. வேண்டாம் என்றால் கட்டணம் விழுவதற்கு முன்பே மூடச் சொல்லி எழுதிவிட வேண்டும். பாக்கி ஏதும் இல்லாத பட்சத்தில், கேட்ட 7 வேலை நாட்களுக்குள் வங்கி கார்டை மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும். இது தெரியாமல் கஸ்டமர் கேரில் பாட்டு கேட்டுக்கொண்டே காத்திருப்பவர்கள் நிறைய.

அடுத்தது, டிக்கெட் போடும் மாதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரு நாள் கூடத் தாமதமில்லாமல் பணம் கட்டுகிறவர்களும் இதில் மாட்டுகிறார்கள்.

உங்கள் கார்டு லிமிட் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறைக்கு நான்கு பேர் சிங்கப்பூர் போய்வர 78,000 ரூபாய்க்கு டிக்கெட் போடுகிறீர்கள். பில் வருகிறது, முழுதாகக் கட்டிவிடுகிறீர்கள். இருந்தும் அந்த மாதம் ஸ்கோர் இறங்குகிறது. "நான்தான் கட்டிட்டேனே!" என்று கோபம் வரும். நீங்கள் கட்டுவதற்கு முன்பே வங்கி உங்கள் நிலுவையைத் தெரிவித்திருக்கும், அவ்வளவுதான். லிமிட்டில் 78 சதவீதத்தைக் காலி செய்துவிட்டவர், அதாவது கைக்கும் வாய்க்கும் இழுத்துக்கொண்டிருப்பவர் என்று ரிப்போர்ட் உங்களைக் காட்டும். 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அது சட்டமில்லை, ஒரு கைக்கணக்கு.

இது நிரந்தரக் காயமும் இல்லை. நிலுவை குறைந்ததும் ஸ்கோர் திரும்ப ஏறும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்கு ஒரு முறை அல்லாமல் 15 நாளுக்கு ஒரு முறையாவது விவரம் அனுப்ப வேண்டியிருப்பதால், இறங்குவதும் சீக்கிரம் தெரிகிறது, ஏறுவதும் சீக்கிரம் தெரிகிறது. ஆனால் அந்தச் சமயத்தில் கார் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ போய் நின்றால் வட்டியில் கால் சதவீதம் கூடிவிடலாம். இருபது வருடக் கடனில் அந்தக் கால் சதவீதம் எத்தனை டிக்கெட்டை விழுங்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வழி எளிது. டிக்கெட் போட்ட கையோடு, பில் வரும்வரை காத்திருக்காமல், பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். மைல் எப்படியும் வந்துவிடும்.

நண்பர்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுப்பதும் இதே வகைதான், கூடுதல் வில்லங்கத்தோடு. அலுவலகத்தில் ஆறு பேர் கோவா போகிறார்கள். "டேய், எல்லாருக்கும் நான் என் கார்டுலயே போடுறேன், ஜிபே பண்ணிடுங்க" என்கிறார் மைல் சேர்க்கும் புண்ணியவான். நான்கு பேர் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். ஐந்தாமவர் சம்பளம் வரட்டும் என்பார். ஆறாமவர் குரூப்பில் கட்டைவிரல் ஸ்மைலி போட்டதோடு சரி. கெடு 5-ஆம் தேதி, பணம் வருவது 12-ஆம் தேதி. வங்கி கேட்கப்போவது ஆறாமவரை அல்ல. கையில் அந்தத் தொகை இல்லாமல் இன்னொருவருக்கு டிக்கெட் போடவே கூடாது என்பது என் கட்சி. அப்படிப் போடாததால் ஒன்றிரண்டு நண்பர்களுக்கு என்மேல் வருத்தம் உண்டு.

விமானப் பயணத்துக்கே உரிய இன்னொரு பொறி, ரத்தான டிக்கெட். 40,000 ரூபாய் டிக்கெட்டை ரத்து செய்தாகிவிட்டது, ரீஃபண்ட் வரும் என்று மெயிலும் வந்துவிட்டது. வரப்போகும் பணத்துக்கு எதற்கு இப்போது கட்ட வேண்டும் என்று சும்மா இருந்துவிடுகிறோம். கார்டில் நேரடியாக எடுத்த டிக்கெட்டுக்கு 7 நாளில் பணம் திரும்ப வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. ஏஜென்ட் மூலமோ பயண ஆப் மூலமோ எடுத்திருந்தால் அது சுற்றி வளைத்து வரும். கெடுவுக்கு முன்பே ரீஃபண்ட் வந்து விழுந்தால் பில்லில் கழிந்துவிடும். வராவிட்டால், ரீஃபண்டை மறந்துவிட்டு பில்லைக் கட்டிவிடுங்கள். பிறகு வரும் பணம் கார்டில் உங்கள் பெயரில் கூடுதலாக நிற்கும், எங்கும் ஓடிவிடாது.

ஒரு ஆறுதலும் உண்டு. கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று வங்கி ரிப்போர்ட் செய்யலாம், தாமதக் கட்டணமும் போடலாம். வெள்ளிக்கிழமை மறந்து ஞாயிற்றுக்கிழமை கட்டியவர் பிழைத்துக்கொள்வார். ஆனால் நான்காம் நாள் நினைவு வந்தால், நாள் கணக்கு கெடு தேதியிலிருந்தே ஓடும்.

மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையை மட்டும் கட்டுவது ஸ்கோரில் தாமதமாகப் பதிவாகாது. அதனால்தான் அது ஆபத்து, வலிக்காமல் அறுக்கும். 60,000 ரூபாய் பில்லுக்கு 5 சதவீதம், அதாவது 3,000 கட்டுகிறீர்கள். மீதி 57,000-க்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,995 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி. 359. ஆக, ஒரே மாதத்தில் 2,354 ரூபாய் போனது. உண்மையில் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடுவதால் இன்னும் கூடும். புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும். அந்த 60,000 செலவில் 100 ரூபாய்க்கு 2 மைல் வீதம் கிடைத்தது 1,200 மைல். ஒரு மைலைத் தாராளமாக ஒரு ரூபாய் என்று மதித்தாலும் 1,200 ரூபாய்தான். இப்படி மைல் வாங்குகிறவர் சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்து வாங்குகிறார். நிலுவையும் இறங்காமல் நிற்பதால், மேலே சொன்ன 30 சதவீதக் கணக்கும் மாதாமாதம் கெடும்.

வரவேற்பு மைலுக்காக ஒரே மாதத்தில் மூன்று நான்கு கார்டுக்கு விண்ணப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி ஒரு முறை உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும், அது பதிவாகும். ஒன்றிரண்டால் பெரிய சேதமில்லை. வரிசையாக நான்கு இருந்தால், பணத்துக்குத் தவிப்பவர் போலத் தெரியும். ஒரு வங்கி மறுத்தால் உடனே அடுத்த வங்கிக்கு ஓடாமல், மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தினமும் பார்த்தாலும் குறையாது. நாலு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் வருடம் முழுக்கக் கண் வைத்திருக்கலாம்.

சரி, வேண்டாத கார்டை மூடிவிடலாமா? என் கதையைக் கேட்டுவிட்டு எல்லாக் கார்டையும் மூடக் கிளம்பிவிடாதீர்கள். 2 லட்சம் லிமிட் உள்ள பழைய விமான கார்டும், 1 லட்சம் லிமிட் உள்ள புதுக் கார்டும் இருக்கிறது, மாதச் செலவு 60,000 என்றால், பயன்பாடு 20 சதவீதம். பழையதை மூடினால் அதே 60,000 அறுபது சதவீதம் ஆகிவிடும். கையில் இருப்பதிலேயே பழைய கணக்கும் அதுவாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். விமான நிறுவனம் போய்விட்டால்கூட இந்தக் கணக்கு மாறாது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு கலந்தது. வாலில் இருந்த பெயர் போனாலும், வங்கியில் உங்கள் கணக்கு கணக்குதான், பாக்கி பாக்கிதான். கட்டணம் உறுத்தினால், கட்டணமில்லாத வேறு கார்டாக மாற்றித் தர முடியுமா, பழைய கணக்கும் லிமிட்டும் அப்படியே தொடருமா என்று முதலில் கேளுங்கள். மாற்ற மாட்டேன் என்றால், பெரிய கடன் எதுவும் எடுக்கப்போகாத வருடமாகப் பார்த்து மூடுங்கள்.

கல்லூரியில் படிக்கும் மகனுக்கு ஆட்-ஆன் கார்டு, அதாவது தன் கணக்கிலேயே இன்னொரு கார்டு வாங்கிக் கொடுத்தால் அவனுக்கும் ஸ்கோர் வளரும் என்று சில அப்பாக்கள் நம்புகிறார்கள். பெரும்பாலும் வளராது. அவன் தேய்ப்பதெல்லாம் அப்பா கணக்கில்தான் ஏறும், நல்லதும் கெட்டதும். அவனுக்கென்று வரலாறு வேண்டுமென்றால் அவன் பெயரில் ஒரு சின்ன எஃப்.டி. போட்டு, அதன் மேல் கொடுக்கும் கார்டை வாங்கிக்கொடுங்கள். முதல் கார்டே விமான கார்டாக இருக்க வேண்டியதில்லை.

என் கதைக்கு வருகிறேன். அபராதத்தோடு மொத்தப் பாக்கியையும் கட்டினேன். கொஞ்சம் குறைத்துக்கொண்டு முடித்துக்கொள்ளலாம் என்று போனில் ஒருவர் சொன்னார். நல்லவேளை, ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி முடித்தால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். பாதி கொடுத்துத் தப்பித்தவன் என்று அதற்கு அர்த்தம். முழுதாகக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி, கார்டை மூடினேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ரிப்போர்ட்டில் பாக்கி இன்னும் அப்படியே இருந்தது. சிபில் தளத்திலேயே தகராறு பதிவு செய்தேன். இப்படிக் கொடுத்த புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. எனக்கு அது வரை போகவில்லை, பாக்கி பூஜ்யமானது. ஆனால் அந்த 060-ம் அதன் அண்ணன் தம்பிகளும் போகவில்லை. நடந்தது நடந்ததுதானே. மாதத்துக்கு ஒரு கட்டமாக முப்பத்தாறு கட்டம் காட்டுகிறது ரிப்போர்ட். ஒவ்வொரு மாதமும் அவை ஒரு கட்டம் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டுக் கடன் கிடைத்தது, நண்பர் ஒருவருக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டியில்.