சின்ன வயர்லெஸ் கீபோர்டு: வாங்கும் முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன வயர்லெஸ் கீபோர்டு வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எழுத்து விட்டுப்போகிறது, ஒரே எழுத்து நாலைந்து தடவை விழுகிறது, டெலீட் கீயைக் காணோம், எஃப் 5 அழுத்தினால் வேறு ஏதோ நடக்கிறது. இவற்றில் பலவும் பழுதே இல்லை. நம் வேலை ஒன்றாகவும் வாங்கிய கீபோர்டு வேறாகவும் இருப்பதுதான் பாதிச் சிக்கல். மீதி, இணைக்கும் விதத்தில் வருவது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் திருப்பி அனுப்பும் அலைச்சல் மிச்சம்.

எப்படிச் சின்னதாக்கினார்கள் என்று பார்க்காமல் வாங்குவது

முழு அளவு கீபோர்டில் 104 கீகள். வலப்பக்க எண்பகுதியை எடுத்துவிட்டால் 87. இன்னும் நெருக்கினால் 84, 68, 61 என்று குறைந்துகொண்டே போகும். 61 கீ உள்ளதில் பொதுவாக எஃப் 1 முதல் எஃப் 12 வரையிலான எஃப் வரிசையும் கிடையாது, அம்புக்குறிக்குத் தனிக் கீயும் கிடையாது. எல்லாம் ஃபங்ஷன் (Fn) கீயோடு சேர்த்து அழுத்தினால்தான் வரும்.

சின்னதாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கீகளைக் குறைப்பது. மற்றது, கீகளையே சிறிதாக்கி நெருக்குவது. முதல் வகை நாளடைவில் பழகிவிடும். இரண்டாவதற்கு விரல் லேசில் பழகாது. வழக்கமான கீபோர்டில் ஒரு கீயின் நடுவிலிருந்து பக்கத்துக் கீயின் நடுவரை சுமார் 19 மி.மீ. அப்படியானால் மேல்வரிசையில் 'க்யூ' நடுவிலிருந்து 'பி' நடுவரை 17 செ.மீ. இருக்க வேண்டும். கடையில் ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிடலாம். டேப்லெட்டுக்கு என்று வரும் மிகச் சிறிய மாடல்களில் இது 15 செ.மீ. அளவுக்குக்கூட இறங்கும். டிவி முன்னால் உட்கார்ந்து பாட்டின் பெயரைத் தேட அது போதும். தினம் நாலு பக்கம் எழுதுகிறவருக்கு ஆகாது.

வலது ஓரத்தைக் கவனிக்காதது

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். கீபோர்டைச் சுருக்கும்போது ஆங்கில எழுத்துகள் 26-இல் பொதுவாகக் கைவைக்க மாட்டார்கள். கத்தரி விழுவது வலது ஓரத்துக் குறியீடுகளில்: சதுர அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அடைப்புக்குறி பாதி அளவில் இருந்தாலும் கவலையில்லை, எப்போதோதான் தேவைப்படும்.

தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் அந்த ஓரம் முழுக்க எழுத்துகள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அந்த அமைப்பில் இடது கைப் பக்கம் பெரும்பாலும் உயிரெழுத்துகள், வலது பக்கம் மெய்கள். இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ. அரைப்புள்ளியில் ந. மேற்கோள் குறியில் ய. சாய்கோட்டில் ழ. 'செய்தி' என்று அடிக்க இரண்டு தடவை ஓரத்துக்குப் போக வேண்டும், 'தமிழ்' என்று அடிக்க ஒரு தடவை. அந்தக் கீகள் குறுகியிருந்தாலோ, அடுத்த வரிசைக்கு மாற்றப்பட்டிருந்தாலோ, ஃபங்ஷன் கீயோடு சேர்த்தால்தான் வரும் என்றாலோ வேகம் அங்கேயே போய்விடும்.

வலது ஷிஃப்ட் இன்னொரு தொல்லை. தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ எல்லாம் இடது கை மேல்வரிசைக் கீகளில், ஷிஃப்ட்டோடு சேர்த்து அடிப்பவை. முறையாகப் பழகியவர்கள் இடது கை எழுத்துக்கு வலது ஷிஃப்ட்டைத்தான் பிடிப்பார்கள். சில சின்ன கீபோர்டுகளில் மேல் அம்புக்குறியைச் சாய்கோட்டுக்கும் வலது ஷிஃப்ட்டுக்கும் நடுவில் செருகிவிடுகிறார்கள். 'பஸ்' என்று அடிக்கப் போனால் சுண்டுவிரல் அம்புக்குறியில் பட்டு, கர்சர் மேல் வரிக்குத் தாவி, ஸ விழ வேண்டிய கீ அங்கே ஆ-வாக வேலை செய்யும். திரையைப் பார்க்காமல் அடிப்பவர் இதைக் கவனிக்கவே நாலு வரி ஆகிவிடும். பழகிக்கொள்ளலாம் என்பார்கள். அலுவலகத்தில் பெரிய கீபோர்டும் வீட்டில் இதுவுமாக மாறி மாறி அடிப்பவர் எதற்குப் பழகுவது?

ஆங்கில எழுத்துகளை வைத்து ஒலிப்பு முறையில் அடிக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு, 26 எழுத்துகளுக்குள் வேலை முடிந்துவிடும். ஒன்றை மட்டும் பாருங்கள். போன் திரையில் அடிக்கும்போது வரும் சொல் பரிந்துரைகள் வெளிக் கீபோர்டிலும் அப்படியே வரும் என்று நம்பி வாங்க வேண்டாம். நண்பரின் கீபோர்டு ஏதாவது ஒன்றை உங்கள் போனில் இணைத்து அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விண்டோஸ் 10-இல் 2019 மே அப்டேட்டிலிருந்து தமிழ்99, ஒலிப்பு முறையான அஞ்சல் இரண்டுமே உள்ளேயே இருக்கின்றன. கணினியில் அந்தக் கவலை இல்லை.

எஃப் வரிசையை மறந்துவிடுவது

டாலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரிசீட், எஃப் 8 சேல்ஸ், எஃப் 9 பர்ச்சேஸ். கை தானாகப் போகும். பல சின்ன கீபோர்டுகளில் அந்த வரிசை முதலில் செய்வது ஒலி, வெளிச்சம், பாட்டு போன்ற வேலைகள். சேல்ஸ் போடப் போனால் பின்னணியில் நிறுத்தி வைத்திருந்த பாட்டு ஓட ஆரம்பிக்கும். இதை மாற்ற முடியும். பல மாடல்களில் ஃபங்ஷனும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் வரிசை புரண்டுவிடும். சிலவற்றில் நிறுவனத்தின் மென்பொருளை இறக்கித்தான் மாற்ற வேண்டும். மலிவானவை சிலவற்றில் வழியே இல்லை. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு வேலைக்கு எண்பகுதி இல்லாத கீபோர்டே சரிப்படாது என்பது என் கருத்து. இடம் இல்லை, சின்னதுதான் வேண்டும் என்றால் தனியாக ஒரு எண் கீபேடு வாங்கி வைத்துக்கொள்வது மேல்.

இதோடு சேர்ந்த குழப்பம் ஒன்று. '@' அழுத்தினால் மேற்கோள் குறி, மேற்கோள் அழுத்தினால் '@'. இதற்குக் கீபோர்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கணினியில் மொழி அமைப்பு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருக்கும், அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரி. அதேபோல் கன்ட்ரோலும் ஆல்ட்டும் இடம் மாறி வேலை செய்தால், கீபோர்டு மேக் அல்லது ஐபேட் நிலையில் நிற்கிறதா என்று பாருங்கள். எந்தக் கீயால் மாற்றுவது என்று கூடவே வரும் சின்னத் தாளில் இருக்கும். அந்தத் தாளை டப்பாவோடு தூக்கிப்போடுவதையும் ஒரு தவறாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

டாங்கிளைக் கிடைத்த இடத்தில் செருகுவது

எழுத்து விட்டுப்போவதற்கும், 'க' அடித்தால் 'ககககக' என்று ஓடுவதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கீயை அழுத்திய செய்தி கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, கையை எடுத்த செய்தி வழியில் தொலைந்துவிட்டது. கணினியோ நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாக நினைக்கிறது.

டாங்கிளும் (கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன ரிசீவர்) ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போது அதே பகுதியில் இரைச்சல் கிளம்புகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை நீல நிறப் போர்ட்டில், அதுவும் ஹார்ட் டிஸ்க் வயருக்குப் பக்கத்தில் செருகினால் கீபோர்டு தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளை மேசை மேலேயே கொண்டுவந்து வையுங்கள். சிபியு பெட்டியின் பின்பக்கம், இரும்பு மேசைக்கு அடியில் செருகுவது எல்லாவற்றிலும் மோசம். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலும் நெரிசல் குறையும்.

ப்ளூடூத் கீபோர்டு கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் தூங்கிவிடும், எழுந்திருக்கும்போது முதல் எழுத்தைச் சில சமயம் விழுங்கும். பாஸ்வேர்டு தவறு என்று திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். முதலில் ஷிஃப்ட்டை ஒருமுறை தட்டிவிட்டு அப்புறம் அடியுங்கள். எழுத்து எதுவும் விழாது, கீபோர்டும் விழித்துக்கொள்ளும்.

வீட்டில் இருந்த வயர் கீபோர்டைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ப்ளூடூத் இணைப்பு பொதுவாக இயங்குதளம் ஏறிய பிறகுதான் உயிர் பெறும், அதற்கு முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் உங்கள் அழகான கீபோர்டு அசையாது. விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டிய நாளில் வயர் உள்ளதோ, டாங்கிள் உள்ளதோ ஒன்று கையில் இருக்க வேண்டும்.

எந்தத் திரையில் அடிக்கிறோம் என்று பார்க்காதது

மூன்று சாதனங்கள் வரை மாற்றிக்கொள்ளும் வசதி நல்லதுதான். ஆனால் பட்டன் தவறிப் பட்டால், கணினிக்கு என்று அடித்த பாஸ்வேர்டு டிவியின் தேடல் பெட்டியில் எல்லோரும் பார்க்க வந்து நிற்கும். ஒரு எழுத்து அடித்து எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டவில்லையென்றால், கணினியின் பட்டியலிலிருந்து பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். திரையில் வரும் எண்ணை அந்தக் கீபோர்டிலேயே அடித்து என்டரும் தட்ட வேண்டும், இந்த என்டரை மறந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

வங்கி வேலை செய்கிறவர்கள் பெயர் தெரியாத மலிவு டாங்கிள் கீபோர்டுகளைத் தவிர்ப்பது நல்லது. 2016-இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் எட்டு நிறுவனங்களின் டாங்கிள் கீபோர்டுகள் அடிக்கும் எழுத்துகளை மறையாக்கம் செய்யாமலே அனுப்புவதைக் காட்டியது. பல மீட்டர் தள்ளி இருப்பவர்கூட அதை வாசிக்க முடியும். ப்ளூடூத் கீபோர்டுகள் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக ப்ளூடூத்தில் ஓட்டையே கிடையாது என்று இல்லை, 2023 டிசம்பரிலும் ஒன்று வெளிவந்தது. போன், கணினி அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

செல், மேசை, டாங்கிள்

ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட். அதனால் ரீசார்ஜ் செல் போட்டதுமே சார்ஜ் குறைவு என்று சிவப்பு விளக்கு மின்னலாம், பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் எடுக்காமல் விடும் கீபோர்டில் செல்லைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அரித்துப்போகும். சார்ஜ் வயர் உள்ள மாடல் என்றால், வயரைச் செருகியபோது வயர் கீபோர்டாகவும் வேலை செய்யுமா, சார்ஜ் மட்டும்தானா என்று கேளுங்கள். பலவற்றில் சார்ஜ் மட்டும்தான்.

சின்னதில் மவுஸ் கைக்குப் பக்கத்தில் வருவதால் தோளுக்கு நல்லது. ஆனால் பழைய பெரிய கீபோர்டு இருந்த இடத்திலேயே இடது பக்கமாகத் தள்ளி வைத்தால் அந்த லாபம் போய்விடும். 'ஜி', 'எச்' கீகள் உங்கள் தொப்புளுக்கு நேராக வரட்டும். பின்கால்களைத் தூக்கி நிறுத்த வேண்டாம், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும்.

டாங்கிளை லேப்டாப்பில் செருகியபடியே பைக்குள் திணித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பல கீபோர்டுகளில் செல் போடும் மூடிக்குள்ளேயே அதை வைக்க ஒரு பள்ளம் இருக்கும், அங்கே வைத்துவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் டாங்கிள் தொலைந்தால் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளலாம். மலிவு கீபோர்டு என்றால், டாங்கிள் போனதும் புதுசுதான் வாங்க வேண்டியிருக்கும்.