அலுமாரி வட்டுகளிலுள்ள கோப்புகளை மேகத்துக்கு மாற்றும் முறை

கிழக்கிலங்கையின் கல்லடியிலும் கல்முனையிலும் கடலோர வீட்டு அலுமாரிகளைத் திறந்தால், கலியாண வீடியோ இறுவட்டுகளும் கோயில் கணக்கு எழுதிய நெகிழ்வட்டுகளும் பழைய வன்தட்டு ஒன்றும் ஒரே பிஸ்கட் தகரத்தில் கிடப்பதைக் காணலாம். உப்புக் காற்றும் மாரிகால ஈரமும் அவற்றை விட்டுவைப்பதில்லை. ஆகவே அவற்றிலுள்ள கோப்புகளை மேகத்துக்கு, அதாவது இணையவழிச் சேமிப்பகத்துக்கு, மாற்றிவிடுவது நல்லது.

நெகிழ்வட்டை முதலில் கையிலெடுக்க வேண்டும். ஏனெனில் அதை வாசிக்கும் கருவிதான் முதலில் அருகிப் போனது. யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் வாசிப்பான் ஒன்றை இரவல் பெற்றாலும் போதும். 1.44 மெகாபைட் கொள்ளும் மூன்றரை அங்குல வட்டின் மூலையிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கைத் துளை தெரியும்படி நகர்த்திவிட்டால், கணினியால் அதில் எதையும் எழுதவோ அழிக்கவோ இயலாது. பின்னர் உலோக மூடியை விரலால் ஒதுக்கி, உள்ளேயுள்ள கபில நிறப் படலத்தை வெளிச்சத்தில் பார்க்கவும். வெண்புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் வாசிப்பானுக்குள் இடக்கூடாது. அது வாசிப்பு முனையில் ஒட்டி, அடுத்து இடும் வட்டையும் கெடுத்துவிடும்.

இறுவட்டில் பலரும் பளபளக்கும் பக்கத்தையே பேணுகிறார்கள். ஆனால் தரவைத் தாங்கும் படலம் பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்கவும். வன்தட்டு 'டக் டக்' என்று ஒலித்தால் உடனே மின்னை நிறுத்துவதே நல்லது. பென் டிரைவை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். பல ஆண்டுச் சேமிப்புக்கு அது உகந்ததன்று.

நம்மவருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பழைய கடிதங்களும் கூட்ட அறிக்கைகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். எனவே எழுத்துருவை நிறுவி, முதலில் பி.டி.எஃப். பிரதி ஒன்று எடுத்துவிட்டு, பிறகே எல்லாக் கணினிகளிலும் தமிழாகத் தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றவும்; மூலக் கோப்பை அழிக்கக்கூடாது. கோப்பின் பெயரில் ஆண்டை முதலிலும், மாதத்தையும் நாளையும் அதன் பின்னும் இட்டால் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

மேகம் என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டு அலகில் 24 அங்குலத் தட்டுகள் 50 சுழன்றன. அவை கொண்டது 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. அந்த இராட்சதப் பெட்டியின் வழித்தோன்றல்களே இன்று எங்கோ ஒரு கட்டடத்தில் நமது படங்களைச் சுமந்து சுழல்கின்றன. கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டில் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் பங்குபோடுவதால், வீடியோக்களுக்கு முன் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகளை ஏற்றவும். இரவுநேர டேட்டா உள்ளவர்கள் பெரிய கோப்புகளை அப்போது ஏற்றலாம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை அந்நிறுவனம் நீக்கிவிடக்கூடும் என்பதால், இடையிடையே உள்நுழைந்து பார்ப்பது அவசியம். கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அது தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வைக்கவும். கடவுச்சொல் ஒருவருடைய நினைவில் மட்டும் இருப்பது பூட்டிய பெட்டியின் சாவியைக் கிணற்றில் போட்டதற்குச் சமம்.

கணினியையும் மேகத்தையும் எப்போதும் ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒத்திசைத்த கோப்புறையில் ஒன்றை அழித்தால் மேகத்திலும் அது அழியும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள்தான் தங்கும். ஆகவே தனியாக ஒரு வன்தட்டில் பிரதியெடுத்து, ஈரமுறிஞ்சிப் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, கரையிலிருந்து தள்ளி வாழும் உறவினர் வீட்டில் வைக்கவும். ஒரே வீட்டில் எத்தனை பிரதி இருந்தாலும் அது ஒரு பிரதிதான் என்பதை, 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் இக்கரையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் மாரி தொடங்குமுன், அந்த வன்தட்டிலிருந்தும் மேகத்திலிருந்தும் சில கோப்புகளையாவது திறந்து பார்க்கவும். பெயர் பட்டியலில் தெரிவதால் மட்டும் கோப்பு திறக்கும் என்று நம்பிவிடலாகாது.