பழைய பேஸ்பால் அட்டையின் ஓரம் வெட்டப்பட்டதா?

தேய்ந்த ஓரத்தை வெட்டி, புதிதுபோல் காட்டி விற்பவர்கள் உண்டு. அதனால் டாப்ஸ் நிறுவனம் 1952-ல் வெளியிட்ட பேஸ்பால் வீரர் அட்டையை வாங்கும்போது அளவுகோலை மட்டும் நம்பிவிடாதீர்கள். அளவு 2⅝ × 3¾ அங்குலம்தான்; ஆனால் அச்சகத்திலிருந்தே நூலிழை கூடக்குறைய வந்தவையும் உண்டு. அதே வரிசையில், பெயர் பெறாத ஆட்டக்காரரின் மலிவான அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பிறகு 10 மடங்கு லென்ஸ். முகப்பை விட்டுவிட்டு அட்டையின் தடிமனைப் பாருங்கள். எழுபது வருட ஓரம் பழுப்பேறி, நார் லேசாகப் பிரிந்திருக்கும். மூன்று பக்கம் அப்படியிருக்க, ஒரு பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தால் பிளேடு பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். முகமெல்லாம் கீறலும் மடிப்பும், முனைகள் மட்டும் ஊசிபோல் கூர்மை என்றாலும் அப்படித்தான். கையால் வெட்டும்போது கத்தி முடிவில் விலகும். அதனால் மூலை கொக்கிபோல் வளைந்து நிற்கும். எஃகு அளவுகோலை ஓரத்தோடு வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

தரம் பார்த்து மதிப்பெண் போட்டு மூடிய தரச்சான்று உறைக்குள் இருக்கிறதே என்று அசந்துவிட வேண்டாம். பத்துக்கு 8 மதிப்பெண் பெற்ற, டி206 என்ற பழைய சிகரெட் அட்டை வரிசையைச் சேர்ந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார்.