யூனிக்ஸ் கற்கப் பழைய லேப்டாப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களான லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ ஓபன்பிஎஸ்டியோ கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, குறைந்த விலைக்குப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டு, "அண்ணா, இதுல இன்ஸ்டால் ஆகவே மாட்டேங்குது" என்று வந்து நிற்கும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். திரையில் கோடு விழுகிறதா, கீபோர்டில் எல்லாப் பட்டனும் வேலை செய்கிறதா என்பதையெல்லாம் அவர்களே சரியாகப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நாங்களெல்லாம் தடுக்கி விழுந்த அதே சில இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். கடையில் நின்று பார்த்தால் அவை கண்ணில் படாது.

பயாஸ் பூட்டைப் பார்க்காமல் பணம் கொடுப்பது

மற்ற தவறுகளை ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம். இது ஒன்றுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சலைத் தருகிறது.

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் நல்ல பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவை கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளிவிட்டவை. லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் எல்லாம் அப்படி வருபவைதான். ஊழியர்கள் அமைப்புகளை மாற்றிவிடக் கூடாதென்று கம்பெனியின் ஐடி ஆட்கள் பயாஸுக்கு, அதாவது ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அமைப்பு நிரலுக்கு, ஒரு சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் போட்டிருப்பார்கள். விற்கும்போது அதை எடுத்துவிட வேண்டும். பல சமயம் எடுப்பதில்லை.

அந்தப் பாஸ்வேர்ட் இருந்தாலும் விண்டோஸ் வழக்கம்போல ஓடும், எதுவும் கேட்காது. கடைக்காரர் ஆன் செய்து காட்டுவார், வீடியோ ஓடும், வைஃபை பிடிக்கும். வாங்குகிறவருக்குச் சந்தேகமே வராது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் இப்படித்தான் திங்க்பேட் டி480 ஒன்றை 15,000 ரூபாய்க்கு வாங்கி வந்தார். 2018 மாடல், 16 ஜிபி ரேம், கீறல்கூட இல்லை. ஓபன்பிஎஸ்டி போடத்தான் வாங்கினார். பென்டிரைவில் எழுதி, எஃப்12 அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரவில்லை. எஃப்1 அழுத்தினால் திரையில் ஒரு பூட்டுப் படம். வெறும் என்டர் தட்டினால் உள்ளே விட்டது, ஆனால் எல்லாம் மங்கலாக இருந்தது. கையொப்பமில்லாத இயங்குதளத்தைத் தொடங்கவிடாத செக்யூர் பூட் 'ஆன்' என்று படிக்க முடிந்தது, மாற்ற முடியவில்லை. யூஎஸ்பியில் பூட் ஆவதும் தடுக்கப்பட்டிருந்தது.

கடைக்குத் திரும்பப் போனார். "சின்ன பேட்டரியைக் கழட்டி மாட்டினா போயிடும்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். போகாது. திங்க்பேடில் இந்தப் பாஸ்வேர்ட் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் அதை நீக்க வழியில்லை, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று லெனோவாவின் பராமரிப்புக் கையேடே சொல்கிறது. சில்லில் கிளிப் மாட்டி எடுத்துத் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். கை தவறினால் போர்டு போய்விடும், அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பழைய போர்டு மாற்றவே லேப்டாப் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள்.

கடைசியில் எஸ்எஸ்டியைக் கழற்றி, வேறொரு மெஷினில் மாட்டி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை நிறுவி, திரும்ப இதில் போட்டோம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளின் பூட்லோடர் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) கையொப்பமிடப்பட்டது என்பதால் செக்யூர் பூட் அவற்றை விடும். ஓபன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி இரண்டையும் விடாது. சரி, டெபியனுக்குள் ஓபன்பிஎஸ்டியை விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் கணினியாக, ஓட்டலாம் என்று பார்த்தால், அதற்கான விடி-எக்ஸ் வசதியையும் அதே பயாஸில் அணைத்து வைத்திருந்தார்கள். ஓடியது, ஆமை வேகத்தில். படிக்கிற ஆர்வத்தோடு வீட்டில் கேட்டு வாங்கிய பணம் அது.

கடையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, லோகோ வந்ததும் திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்துங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கேட்காவிட்டாலும் உள்ளே போய் செக்யூர் பூட்டை அணைத்து, சேமித்து, மறுபடி ஆன் செய்து, மாற்றம் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நீங்கள் கொண்டுபோன பென்டிரைவில் பூட் செய்யுங்கள். "வீட்டுல போய்ப் பாத்துக்கங்க" என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம். "பயாஸ் லாக்தான், ஆனா விண்டோஸ் நல்லா ஓடும், ஆயிரம் குறைச்சுக்கலாம்" என்று வெளிப்படையாகச் சொல்பவர் நேர்மையானவர். ஆனாலும் அந்த மெஷின் நமக்கு உதவாது.

வைஃபை சில்லு யாருடையது என்று பார்க்காதது

இன்டெல் என்றால் நிம்மதி. பிராட்காம் என்றால் லினக்ஸிலேயே பல மாடல்களுக்குத் தனி டிரைவர் தேட வேண்டும், பிஎஸ்டியில் பெரும்பாலும் கைவிட வேண்டியதுதான். பழைய மேக்புக் ஏர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இன்டெல் சில்லாக இருந்தாலும் ஓபன்பிஎஸ்டியின் நிறுவல் பென்டிரைவில் அதற்கான ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) இருக்காது. அதை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். அதனால் ஈதர்நெட் போர்ட் உள்ள மாடலாகப் பாருங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து முதல்முறை சமாளிக்கலாம்.

வைஃபை கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் திங்க்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 வாங்காதீர்கள். அனுமதிப் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் அவற்றின் பயாஸ் பூட் ஆகாமல் நின்றுவிடும்.

32 பிட் மெஷின்

32 பிட் பிராசஸர் உள்ள பழைய மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லேயே 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் கிடையாது.

போர்டோடு ஒட்டிய ரேம்

திங்க்பேட் எக்ஸ்1 கார்பனைக் கையில் எடுத்தால் இறக்க மனம் வராது, அவ்வளவு லேசு. ஆனால் 4 ஜிபியோடு வந்தால் கடைசி வரை 4 ஜிபிதான். டி480-இல் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. ஷெல், சி, நெட்வொர்க்கிங் கற்க 8 ஜிபி தாராளம். 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் மட்டும் உள்ள சின்ன லேப்டாப்களையும் தவிருங்கள். அந்தச் சேமிப்பகமும் போர்டோடு ஒட்டியதுதான்.

என்விடியா

இந்த கிராஃபிக்ஸ் சில்லு கேம் ஆடுகிறவர்களுக்கு. ஓபன்பிஎஸ்டியில் அதற்குக் கிராஃபிக்ஸ் முடுக்கமே கிடையாது.

வீட்டில் இருப்பதைச் சோதிக்காமல் கடைக்குப் போவது

தமிழ்நாட்டு அரசு 2011-இலிருந்து பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் அலமாரிக்குள் தூங்குகிறது. அக்காவுடையதோ அண்ணனுடையதோ இருந்தால் எடுத்துச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். பேட்டரி போயிருக்கும், சார்ஜரிலேயே ஓடட்டும். பிராசஸர் 64 பிட் என்றால், டெஸ்க்டாப் எதுவும் போடாமல் டெபியனை வெறும் எழுத்துத் திரையோடு நிறுவுங்கள். 2 ஜிபி ரேமே போதும். கோப்பு அனுமதிகள், பைப், விஐ எடிட்டர், எஸ்எஸ்எச், க்ரான் என்று சில மாதத்துக்கான பாடம் அதிலேயே இருக்கிறது. வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.

பில்

சீரியல் எண் எழுதாத பில்லை வாங்காதீர்கள். எண்ணை லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரோடு மட்டுமல்ல, பயாஸுக்குள் இருக்கும் எண்ணோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் போர்டு மாற்றப்பட்டிருக்கலாம். எப்போது, ஏன் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.