டர்போ எஞ்சினுக்கு பிளக் கேப் வைக்கும் முறை: ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போவை முன்வைத்து

மெதுவாக ஓட்டினால் வண்டியில் ஒரு குறையும் தெரியாது. நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறுகிற நேரத்தில் மட்டும் விட்டு விட்டு இழுக்கும். ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி பவர் கூட்டிய, பழைய ஆக்டேவியா 1.8 டர்போக்களில் அடிக்கடி வரும் புகார் இது. பெட்ரோல் பம்ப், ஏர்ஃப்ளோ சென்சார் என்று செலவு செய்வதற்கு முன்னால் பிளக்கின் நுனியில் உள்ள இடைவெளியை, அதாவது கேப்பை, அளந்து பாருங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றும் ஒரு மணி நேரமும் போதும்.

பிளக் நுனியில் பொறி தாவுவதற்குத் தேவையான வோல்டேஜை இரண்டு விஷயங்கள் கூட்டுகின்றன: கேப்பின் அகலம், அங்கே நெருக்கப்பட்டிருக்கும் காற்றின் அடர்த்தி. டர்போ 1 பார் பூஸ்ட் கொடுத்தால், சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறத்தாழ இரண்டு மடங்கு. டர்போ இல்லாத எஞ்சினில் 1.0, 1.1 மி.மீ. கேப்பைச் சுலபமாகத் தாண்டுகிற பொறி, இங்கே அதே தூரத்தைத் தாண்டத் திணறும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் கொடுக்கக்கூடிய வோல்டேஜுக்கு ஓர் உச்சி உண்டு. தேவை அதை மீறினால் பொறி விழாது. அல்லது காயிலின் ரப்பர் உறையில் (பூட்) உள்ள கீறல் வழியாகவோ பீங்கானின் வெளிப்பக்கமாகவோ எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குத் தாவிவிடும். டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) உச்சத்தில் இருக்கும்போதுதான் சிலிண்டர் அதிகமாக நிரம்புகிறது; அதனால்தான் 3000, 4000 ஆர்.பி.எம். பக்கம் உதறல் முதலில் தலைகாட்டுகிறது.

அப்படியென்றால் எல்லா டர்போவுக்கும் 0.5 மி.மீ. வைத்துவிடலாமே என்று கேட்பார்கள். வைக்கக்கூடாது. கேப் குறுகினால் பொறியும் குட்டை. அதில் பிறக்கும் தீப்பொட்டு சின்னதாக இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் உலோகம் அதன் சூட்டை உறிஞ்சிவிடும். ஐடிலில் எஞ்சின் சீராக நிற்காது, காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும், மைலேஜும் குறையும். முழு பூஸ்டிலும் மிஸ்ஃபயர் ஆகாமல் (கலவை பற்றாமல் போகாமல்) தாங்கக்கூடிய மிக அகலமான கேப் எதுவோ, அதுவே உங்கள் எஞ்சினுக்குச் சரியான கேப்.

எத்தனை மி.மீ.?

கம்பெனி டியூனில் ஓடும் 1.8 டர்போவுக்கு என்ஜிகே பிஎஃப்ஆர்6க்யூ வகை பிளாட்டினம் பிளக், 0.8 மி.மீ. கேப். இதை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. ரீமேப் செய்து பூஸ்ட் சுமார் 1 பாருக்குப் போனால், ஒரு படி குளிர்ந்த பிகேஆர்7இ நிக்கல் பிளக்கைப் போட்டு 0.7 மி.மீ. வையுங்கள். பழைய கேஜில் அது 28 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டர்போவையே பெரிதாக மாற்றி 1.5 பார் பக்கம் ஓட்டுபவர்கள் 0.6-இல் தொடங்கலாம். மிஸ்ஃபயர் வந்தால் 0.05 மி.மீ. மட்டும் குறைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். 0.5-க்குக் கீழே போக வேண்டிய நிலை வந்தால் கோளாறு கேப்பில் இல்லை, காயிலில் தேடுங்கள்.

என்ஜிகே எண்களில் 6-ஐ விட 7 குளிர்ந்தது, அதாவது நுனியின் சூட்டை வேகமாக ஹெட்டுக்குக் கடத்திவிடும். பாஷ் எண்கள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகும், குழம்பிவிடாதீர்கள். பெயரின் கடைசியையும் படியுங்கள். பிகேஆர்7இ-11 என்றிருந்தால் 1.1 மி.மீ. வைத்து வந்த பிளக். அதை 0.7-க்கு மடக்கினால் பக்க எலக்ட்ரோடு சாய்ந்து நிற்கும், நடு எலக்ட்ரோடின் ஓர் ஓரத்தில் மட்டும் பொறி விழும். பெட்டியில் வந்த அளவிலிருந்து 0.2 மி.மீ.க்கு மேல் மாற்றக்கூடாது என்பது வரம்பு. 11 இல்லாத பிகேஆர்7இ 0.8-இல் வருகிறது, 0.1 மடக்கினால் போதும்.

கழற்றுவது

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து வரும். காயில்கள் சில வண்டிகளில் ஸ்க்ரூவோடும் சிலவற்றில் அழுத்தி மாட்டியும் இருக்கும். கனெக்டரின் லாக்கை விடுவித்து, காயிலை நேராக மேலே இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் பூட் கிழியும். பிளக் குழியில் மண்ணும் எண்ணெயும் தேங்கியிருக்கும். ஏர் பிடித்து ஊதிவிட்டு, 16 மி.மீ. பிளக் சாக்கெட்டால் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடி ஒருமுறை ஊதுங்கள். அதன் பிறகே முழுதாகக் கழற்ற வேண்டும். குழியில் கிடந்த ஒரு மணல் துகள் சிலிண்டருக்குள் போனால் சுவரில் கோடு விழும்.

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படியே வையுங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கருப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் தேவைக்கு மேல் குளிர்ந்தது. வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தெளித்தாற்போல் புள்ளிகள் இருந்தால் எஞ்சின் நாக் ஆகிறது, அதாவது கலவை சீராக எரியாமல் தானாக வெடிக்கிறது. அந்த நிலையில் கேப்பைத் தொடவே வேண்டாம். டியூனையும் பெட்ரோலின் ஆக்டேனையும் சரிசெய்யும் வரை வண்டியை மிதிக்கக்கூடாது. அடுத்து உடைவது பிஸ்டன்.

கேப் வைப்பது

நாணயம் போன்ற வட்டக் கேஜ் மலிவாகக் கிடைக்கும். அதன் ஓரத்தை நடுவில் நுழைத்து நெம்பும்போது அழுத்தம் முழுவதும் நடு எலக்ட்ரோடில் விழும். நிக்கல் பிளக் தாங்கிக்கொள்ளும். இரிடியம் நுனியின் தடிமன் 0.4 முதல் 0.6 மி.மீ.தான், நொறுங்கிவிடும். பீங்கானும் உள்ளுக்குள் விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல், முழு லோடில் மிஸ்ஃபயராக வெளிவரும். கம்பி கேஜும் பக்க எலக்ட்ரோடை வளைக்கும் கொக்கியும் உள்ள கருவியை வாங்குங்கள்.

வளைக்க வேண்டியது பக்க எலக்ட்ரோடை மட்டுமே. குறைக்க வேண்டுமானால் பிளக்கைக் கவிழ்த்துப் பிடித்து, பக்க எலக்ட்ரோடின் முதுகை ஒரு மரக்கட்டையில் மெல்லத் தட்டுங்கள். ஒரு தட்டு, ஓர் அளவு. அதிகமாகிவிட்டால் கொக்கியால் அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் உலோகம் களைத்து, ஒருநாள் ஒடிந்து சிலிண்டருக்குள் விழும். இரண்டு முயற்சியில் அளவு வராத பிளக்கை ஒதுக்கிவிடுவது மேல்.

0.70 கேஜ் லேசான பிடியோடு நழுவ வேண்டும், 0.75 நுழையக்கூடாது. இரண்டையும் போட்டுப் பார்க்காமல் அளவு முடிந்தது என்று சொல்லாதீர்கள். ஓடிய பிளக்கில் எலக்ட்ரோடு குழிந்திருக்கும். தட்டைக் கேஜ் மேட்டில் தட்டி, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அங்கே கம்பி கேஜ்தான் சரி. பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், இரண்டு எலக்ட்ரோடின் முகங்களும் இணையாக இருக்க வேண்டும். முன்பே அளவு வைத்து வருவதாகச் சொல்லும் பிளக்கும் வண்டியில் ஆடி, கடையில் விழுந்து, அளவு மாறி வருகிறது. நான்கையும் அளக்கவும்.

மாட்டுவது

குழிக்குள் பிளக்கைக் கீழே போடாதீர்கள், விழுந்த வேகத்தில் கேப் மூடிக்கொள்ளும். ஒரு சாண் ரப்பர் ஹோஸைப் பீங்கானில் செருகி இறக்கி, அதனாலேயே திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கி எச்சரித்துவிடும். ராட்செட் எச்சரிக்காது. வாஷர் உட்கார்ந்த பின் 30 நியூட்டன் மீட்டர் டைட். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், கையில் முட்டிய இடத்திலிருந்து புது வாஷருக்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று, பழைய வாஷருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்குவது இந்த இருக்கையும் மரையும் வழியாகத்தான். தளர்வாக நின்றால் நுனி பழுக்கக் காய்ந்து, பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். டர்போவில் அது எஞ்சினையே முடித்துவிடும். மரைக்கு கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். வழவழப்பில் ரெஞ்ச் 30 காட்டும்போது உண்மையில் அதைவிட அதிகமாக இறுகி மரை இழுபடும்.

பூட்டின் உள்விளிம்பில் கடுகளவு சிலிகான் கிரீஸ் போதும். காயிலை நேராக அழுத்தி, கனெக்டர் லாக் விழும் சத்தத்தைக் கேட்டபின் விடுங்கள்.

சோதிப்பது

எஞ்சின் சூடானதும், போக்குவரத்து இல்லாத இடத்தில் மூன்றாவது கியரில் 2000-லிருந்து 5000 வரை முழு ஆக்சிலரேட்டரில் இழுங்கள். ஸ்கேனர் கையில் இருந்தால் அதன் மெஷரிங் பிளாக் (அளவீட்டுப் பக்கம்) 15, 16-இல் சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கை தெரியும். ஒரு சிலிண்டரில் மட்டும் எண் ஏறினால், அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். கோளாறு காயிலோடு நகர்ந்தால் காயில் போயிருக்கிறது. கேப்பைக் குறைத்து ஒரு செத்துக்கொண்டிருக்கும் காயிலை ஓட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. சில வாரத்தில் அது நடுவழியில் நிறுத்தும். நான்கிலும் எண் சிதறி ஏறினால்தான் கேப்பைக் குறைக்க வேண்டும். செக் எஞ்சின் விளக்கு மினுக்கினால் உடனே காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

நிக்கல் பிளக்கின் நுனி ஓட ஓடத் தேய்ந்து கேப் அகலமாகும். 0.7 வைத்தது 0.8 ஆனதும் பழைய உதறல் அதே கியரில், அதே ஆர்.பி.எம்.மில் திரும்ப வரும். ரீமேப் வண்டியில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றி அளந்து, விளிம்பு உருண்டு போயிருந்தால் மடக்கி ஓட்டாமல் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.