சாபம் கேட்கும் சங்கீதங்களை எப்படி வாசிப்பது

வேதபாட வகுப்பில், வேதாகமத்தின் ஜெபப் பாடல்களாகிய சங்கீதங்களில் 109-ம் சங்கீதத்துக்கு வந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களாகட்டும் என்று எதிரியைப் பற்றி ஒரு பக்தன் ஜெபிக்கலாமா?" நியாயமான கேள்விதான். அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லாமல், முதலில் பேசுவது யார், அவருக்கு என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்வேன்.

137-ம் சங்கீதத்தை எடுங்கள். கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை இடித்து, ஆலயத்தை எரித்து, ஜனங்களைச் சிறைபிடித்துப் போனார்கள். குழந்தைகளைக் கல்லில் மோதுகிற கடைசி வசனம் பயங்கரமானது, அதை மழுப்பவே கூடாது. ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் "நீ எங்களுக்குச் செய்தபடி" என்று இருக்கிறது. அப்புறம், இந்தச் சங்கீதத்தில் கர்த்தரிடம் நேராகக் கேட்பது ஒன்றுதான்: எருசலேம் விழுந்த நாளில் அண்டை நாட்டாரான ஏதோமியர் செய்ததை நினையும். அதற்குப் பின் வருவதெல்லாம் பாபிலோனைப் பார்த்துக் கொதிக்கும் வார்த்தைகள்.

அடுத்து, ஜெபிக்கிறவரின் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். பல சங்கீதங்களைப் பாடியவனாகச் சொல்லப்படும் தாவீதைச் சவுல் ராஜா கொல்லத் தேடினான். என்கேதி என்ற இடத்தில் ஒரு குகையில் அந்தச் சவுலே தாவீதின் கையில் சிக்கினான். தாவீது அவனைக் கொல்லவில்லை, கர்த்தரே நியாயம் விசாரிக்கட்டும் என்று விட்டுவிட்டான். 35-ம் சங்கீதமும் "என் வழக்காளிகளோடே வழக்காடி" என்று நீதிமன்றத்தில் மனு கொடுப்பதுபோலத்தான் தொடங்குகிறது.

109-இல் 6 முதல் 19 வரையுள்ள சாபங்கள் எதிரிகள் தாவீதின்மேல் சொன்னவை என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். யோசிக்க வேண்டிய வாசிப்பு. ஆனாலும் 69-ம் சங்கீதத்துக்கு அந்த வழி கிடையாது; அங்கே சாபங்கள் ஜெபிக்கிறவரின் சொந்த வார்த்தைகள்.

புதிய ஏற்பாட்டில் இதெல்லாம் இல்லை என்பார்கள். இருக்கிறது. வெளிப்படுத்தல் 6:10-இல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட இரத்தசாட்சிகள் "எதுவரைக்கும்?" என்று பழிவாங்கக் கேட்கிறார்கள். சமாரியர் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கத் தாங்களே கட்டளையிடக் கேட்ட சீஷர்களான யாக்கோபையும் யோவானையுமோ இயேசு அதட்டினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கத்துக்கு (1962–65) பின் கத்தோலிக்கர் தங்கள் தினசரி வேளை ஜெபத்திலிருந்து 58, 83, 109 மூன்றையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எதிரிகள் "உமது நாமத்தைத் தேடும்படிக்கு" அவமானப்படட்டும் என்ற வரி 83-இல்தானே இருக்கிறது!

இவற்றை நீங்களே ஜெபிப்பதானால், சொந்தச் சண்டைக்காரன் பெயரை உள்ளே நுழைக்காதீர்கள். 94-இல் தொடங்குங்கள். அங்கே புகார், விதவைகளையும் பரதேசிகளையும் (அந்நிய நாட்டாரையும்) கொல்லுகிறவர்கள்மேல்.